நெருப்பு என்று சொல்ல

வினிபெக். ஜனவரி. விடிய இன்னும் நான்கு மணி நேரம்.
வெளியே மைனஸ் முப்பத்தி நான்கு.
வீட்டுக்குள் பதினொன்று,
இறங்கிக்கொண்டிருக்கிறது.

தரையில் பதித்த சல்லடைமேல்
கை வைத்துப் பார்க்கிறாள் லெசியா ஹ்ரின்சுக்.
காற்று வருகிறது. தாராளமாகவே வருகிறது.
பச்சைத் தண்ணீர் மாதிரி.

இரவெல்லாம் பேக்கரியில்
இருநூற்றிருபது டிகிரி அடுப்பின் முன் நின்றவள்.
கோட்டைக் கழற்றவில்லை.
புருவத்தில் மாவு அப்படியே.

முதல் சந்தேகம் மகன் மேல்.
தெர்மோஸ்டாட்டை நோண்டியிருப்பான்,
மின்விசிறியை 'ஆன்' என்று வைத்துவிட்டால்
நெருப்பில்லாதபோதும் ஊதிக்கொண்டே இருக்குமாம்.
இல்லை, 'ஆட்டோ'வில்தான் இருக்கிறது.
மார்க்கோவுக்குப் பதினான்கு வயது,
மூன்று கம்பளிக்கு வெளியே
ஒரு மூக்காகத் தூங்குகிறான்.

அடுத்த சந்தேகம் பக்கத்து வீட்டு ஆர்மாண்ட் லவாலே மேல்.
நேற்று அவன் இயந்திரம் வாரியிறைத்த பனி
அவள் சுவரோரக் குழாயின் வாயை அடைத்திருக்கிறது.
காலால் உதைத்து, கையால் தோண்டி
மூச்சுவிட வழி செய்தாள். திட்டப் போனவளுக்கு
அவள் வாசல்படியையும் அவன்தான்
தள்ளிவிட்டிருப்பது கண்ணில் பட்டது.
பாதித் திட்டோடு உள்ளே வந்தாள்.
காற்று இன்னும் குளிர்தான்.

நிலவறை.
ஃபில்டரை உருவினால்
சாம்பல் பூனையொன்று தோலோடு வருகிறது.
ஃபர்னஸின் தகரத்தில் கறுப்பு மார்க்கரில்
தேதிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக,
போஹ்தானின் சாய்ந்த கையெழுத்து.
கடைசித் தேதி போன வருடத்துக்கு முந்தைய அக்டோபர்.
இப்போது அவன் ரெஜைனாவில்
வேறொரு தகரத்தில் எழுதிக்கொண்டிருப்பான்.
எண் மனப்பாடம். கூப்பிடவில்லை.
கம்பெனிக்காரனைக் கூப்பிட்டாள்:
பதினொரு மணிக்கு மேல்தான், ஞாயிறென்பதால் இரட்டைக் கூலி.

முழங்காலிட்டு
சின்னக் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கிறாள்.
ஒரு முனகல். ஒரு 'டிக்'.
ஏதோ கங்காகச் சிவக்கிறது.
குப்பென்று நீலம், மூன்று வாயிலும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு—
அணைந்தது.
மறுபடி. நாலில் அணைந்தது.
மறுபடி.
அப்புறம் சிவப்பு விளக்கு கண்ணடிக்க
மின்விசிறி மட்டும் சளைக்காமல்
குளிரை மாடிக்கு அனுப்புகிறது.

நெருப்பில்லாமல் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான்
இவ்வளவு நேரம்.

கதவின் உட்புறம் ஒட்டிய படத்தில்
விரல் வைத்துத் தேடினாள்.
சுவாலைக்கு நடுவே நீட்டிக்கொண்டு
பென்சில் ஈயம் போல ஒரு கம்பி.
நெருப்பிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது
அதற்கிருக்கும் ஒரே வேலை.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
இதுவோ நெருப்புக்குள்ளேயே வாயை வைத்துக்கொண்டும்
நெருப்பு என்று சொல்ல வராமல் நிற்கிறது.
அது சொல்லாதவரை பெட்டி கேஸ் விடாது.
விடாததும் நல்லதுதான்,
விட்டிருந்தால் இந்தத் தெருவே எழுந்திருக்கும்.

மின்சாரத்தை அணைத்தாள். கேஸை மூடினாள்.
ஒரே ஒரு திருகு. குறடு வழுக்கி
கட்டைவிரலில் தோல் போனது.
கம்பி முழுக்க வெண்படலம்,
காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி.
பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில்
மெல்லிசாய் ஒரு பிரி எடுத்துத் தேய்த்தாள்,
நுனியிலிருந்து அடி, அடியிலிருந்து நுனி,
அழுத்தாமல்.

முனகல். டிக். கங்கு. நீலம்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
ஐந்து,
ஆறு,
பதினேழில் எண்ணுவதை விட்டாள்.

மார்க்கர் கிடைக்கவில்லை.
கண்மைப் பென்சிலால்
அந்த அக்டோபருக்குக் கீழே இன்றைய தேதி.
புது ஃபில்டர் வாங்கியதும்
சரியாக எழுதிக்கொள்ளலாம்.

மாடியில் தூசி கருகும் வாசனை.
மார்க்கோ ஒரு கம்பளியை உதைத்துத் தள்ளுகிறான்.
சல்லடைமேல் வந்து நிற்கிறாள் லெசியா,
செருப்பில்லாமல்.
கோட்டுக்குள் காற்றேறி
அது மெல்ல உப்புகிறது,
புளித்த மாவைப் போல.
அசையாமல் நிற்கிறாள்.